ஒன் மெசின்ல ஓட்டிப் பாக்காதலே

ஏலே பேராண்டி, அந்த ரிஸ்க்-ஃபைவ் போர்டுகிட்டயே சோர்ஸைக் குடுத்து கம்பைல் பண்ணச் சொல்லிருக்கியாமே? நல்லதுலே. பிசானம் அறுக்கதுக்குள்ள முடிச்சிரும். நீ ஒறங்கு.

அவசரம்னா ஒன் மெசின்லயே போர்டுக்குன்னு கிராஸ் கம்பைல் பண்ணு. நாத்துப் பாவுத எடம் ஒண்ணு, நடுத வயல் ஒண்ணு. கல்லிடைக்குறிச்சியில பொறந்தவனுக்கு இதைச் சொல்லவா செய்யணும்? எங்க பாவுனாலும் நடப்போற வயலுக்குத் தோதான வெதை வேணும், அம்புட்டுத்தான். டெபியன்ல பொட்டணத்தைக் கவனிக்குத டிபிகேஜிகிட்ட ‘அந்தப் போர்டு வகை ரிஸ்க்வி64-ம் நம்ம ஆளுதான்’னு ஒரு வார்த்தை சொல்லி வையி. கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ரிஸ்க்வி64ங்கிற பொட்டணத்தை எறக்கு. கம்பைலரு, லிங்க்கரு, சி லைப்ரரி எல்லாம் கூடவே வந்துரும். பெறகு எஸ்பில்டுங்கிற கருவியை வச்சுச் சுத்தமான ரூட்டுக்குள்ள கட்டு. ஒன் மெசின்ல கெடக்க ஹெட்டரு ஒண்ணு நைசா உள்ள நொழஞ்சா, பில்டு சிரிச்சுக்கிட்டே முடியும். போர்டுல போயித்தான் மண்டையப் போடும்.

கெழவனுக்கு இதெல்லாம் எப்படின்னு முழிக்காத. நீ போன்ல கத்துததைத் தெருவே கேக்குது.

சில பொட்டணம் பாதி வழியில ஒரு குட்டி புரோகிராமைக் கட்டி, அதையே ஓட்டி, மிச்ச கோடை எழுத வைக்கும். அந்தக் குட்டியை மட்டும் ஒன் மெசினுக்குன்னு கட்டணும். போர்டுக்குக் கட்டிட்டு இங்க ஓட்டுனா ‘எக்சிக் ஃபார்மேட் எரர்’னு மூஞ்சில அடிக்கும். கியூஎம்யூவைப் போர்டு மாதிரி நடிக்க ஒக்கார வச்சா ஓடும்தான், நத்தை வேகத்துல. டெஸ்ட்டும் அதே மாதிரி இங்க ஓடலைன்னா நோசெக்னு அதைத் தள்ளிட்டு ‘எல்லாம் பாஸு’ன்னு மெயிலு போடதுல நீ கெட்டிக்காரன்லா!

டெபியன்காரனே ஆர்க்கைவுக்குப் போறதை அந்தந்த வகை மெசின்லதான் கட்டுதான். கிராஸ் வேலை புதுசா ஒரு வகை பொறக்கையிலதான். ஜிசிசி கம்பைலரு முழுசா எந்திரிக்க லிப்சிங்கிற சி லைப்ரரி வேணும், லிப்சியைக் கட்ட ஜிசிசி வேணும். அந்த முடிச்சை அரைகுறை ஜிசிசியை வச்சு வெளியில இருந்துதான் அவுக்கணும். சென்னை ஐஐடியில சக்திங்கிற ரிஸ்க்-ஃபைவ் சில்லு செஞ்சு 2018ல லினக்ஸை ஓட்டுனாவளே, மொதல் கெர்னலை அந்தச் சில்லா கட்டிக்கிட்டு? ரிஸ்க்வி64-ஐ டெபியன் 2023லதான் முறைப்படி சேத்துச்சு, அது ஸ்டேபிளுக்கு வர 2025 ஆச்சு. நீ ரெண்டு ராத்திரிக்கே கண்ணு செவந்து நிக்க.

அனுப்பதுக்கு முன்ன ‘ஃபைல்’னு ஒரு கட்டளை இருக்கு, தட்டிப் பாரு. எக்ஸ்86-64னு பதில் வந்தா, மூச்சு விடாம அழிச்சிரு.