ரோட்டுக்குச் சொந்தக்காரர்

வன்னியில் ஒழுங்கைக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். எங்கள் ஒழுங்கைக்கு வாய்த்தவர் கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட இருக்கிறார். பெயர் எதற்கு? சந்தியில் நின்று ‘அண்ணை’ என்று கூப்பிட்டால் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் யாரைப் பிடித்தாலும் இந்தக் கட்டுரைக்கு ஆகும்.

அண்ணையின் வளவில் மூன்று வாகனங்கள் நிற்கின்றன. மாமரத்தில் சாய்த்தபடி ஒரு லுமாலா சைக்கிள். விறாந்தையோரம் ஒரு பஜாஜ் மோட்டார் சைக்கிள். தகரக் கொட்டிலுக்குள், படங்கு போர்த்தியபடி, கனடாவிலிருக்கும் மைத்துனர் “ஊரில ஒண்டு நிக்கட்டும்” என்று வாங்கி விட்டுப்போன வெள்ளைக் கார். மூன்றுக்கும் மூன்று திறப்பு. எந்தத் திறப்பைக் கையில் எடுக்கிறாரோ அதற்குரிய நியாயமும் கூடவே வந்துவிடும்.

விடியற்காலையில் சைக்கிள். பாண் வாங்கும் கடை ஏ-9 வீதியில், ஒழுங்கை இறங்கும் அதே பக்கத்தில், வலக்கைப் பக்கமாகக் கொஞ்சத் தூரம். முறைப்படி போவதானால் வீதியைக் கடந்து, மற்றக் கரையால் போய், திரும்பவும் கடந்து வரவேண்டும். ஒரு றாத்தல் பாணுக்கு இரண்டு தரம் ஏ-9ஐக் கடப்பதா? அண்ணை எதிர்ப்பக்கத்தால் நேரே விடுவார்.

“பிழையான பக்கத்தால போறீங்களே அண்ணை?”

“தம்பி, எதிரால வாறவனை எனக்குக் கண்ணால தெரியும். முதுகுக்குப் பின்னால வாறவனைத் தெரியுமோ?”

கேட்டால் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் பக்கத்து ஒழுங்கையிலிருந்து மிதக்கிற வாகனக்காரன் வலப்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பான். கிட்டக் கரையால் வருகிற வாகனம் வலப்பக்கமிருந்துதான் வரும். அண்ணையோ அவனுக்கு இடப்பக்கமிருந்து, பாண் பையோடு, பெல் இல்லாமல் வருகிறார். போன மாரியில் ஒரு லான்ட்மாஸ்டர் அப்படித்தான் அவரை மதகடிக்குள் இறக்கியது. அடுத்த ஒரு கிழமைக்கு லான்ட்மாஸ்டர்களை இந்த நாட்டுக்கு யார் கொண்டுவந்தது என்று விசாரித்துக்கொண்டு திரிந்தார்.

பொழுதுபட்டால் சைக்கிளில் லைற்றும் கிடையாது. டைனமோவை எப்போதோ கழற்றிவிட்டார், உழக்கப் பாரமாம். “எனக்கு ரோட்டு வடிவாத் தெரியுது. பிறகென்னத்துக்கு லைற்?” சைக்கிள் லைற் பாதி மற்றவனுக்கு நம்மைக் காட்டத்தான் என்ற செய்தி, சைக்கிளில் இருக்கும்வரை அவருடைய காதுக்கு எட்டாது. கார்ச் சீற்றில் ஏறியதும் எட்டிவிடும்.

தேநீர்க் கடை வாங்கில் சைக்கிளுக்காக அவர் செய்யும் வழக்குரையில் குறை சொல்ல முடியாது. சைக்கிள்காரன் புகை விடுவதில்லை, எண்ணெய் குடிப்பதில்லை. பின்னால் விறகோ தண்ணிக்கானோ கட்டினால் ஆடித்தான் போவான், மெதுவாகப் போகிற சைக்கிள் ஆடாமல் நிமிர்ந்து நிற்காது. கரைக் கோட்டுக்கு வெளியே போ என்று சொல்வது லேசு. அங்கே மணல் கிடக்கும், மாடு படுத்திருக்கும், பட்டா வாகனம் ஒன்று மரக்கறியைப் பரப்பிக்கொண்டு நிற்கும். அதற்குள் கொழும்பு பஸ் ஒன்று உரசிப் போனால் அதன் காற்றே ஆளை உள்ளே இழுக்கும். இவ்வளவையும் அண்ணை கைவிரல் மடக்கிச் சொல்வார். வடக்கில் சைக்கிளுக்கு இவரைவிட நல்ல அப்புக்காத்து கிடையாது.

எட்டு மணிக்கு அந்த அப்புக்காத்து மோட்டார் சைக்கிளில் ஏறுவார். அதோடு கட்சிக்காரரைக் கைவிட்டார்.

இப்போது ரோட்டில் அவருக்குக் கண்ணில் குத்துவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். மூன்று சைக்கிள் பக்கம் பக்கமாகக் கதைத்துக்கொண்டு போகும். “உதென்ன, கல்யாண ஊர்வலமோ?” என்று ஹோர்னை அமத்திப் பிடிப்பார். கார்க்காரர்மேல் வேறு கோபம்: “கண்ணாடியை ஏத்தி ஏசியைப் போட்டிட்டா வெளியில உலகமே இல்லை எண்டு நினைப்பு.” அந்தக் கார்க்காரரை இடப்பக்கத்தால், கரைக் கோட்டுக்கும் காருக்கும் இடையிலே கிடக்கும் இரண்டடிக்குள்ளால் எடுத்துக்கொண்டுதான் சொல்வார். அவருடைய இடப்பக்கச் சிக்னல் லைற் ஒரு முறை திரும்பியபின் அணைவதில்லை. அடுத்தடுத்த நாட்களில் வலப்பக்கம் திரும்பும்போதும் அது எரிந்துகொண்டே இருக்கும். ஹெல்மெற் இருக்கிறது. நல்ல ஹெல்மெற். கச்சேரியடி வரும்வரை முழங்கையில் போட்டிருப்பார். பொலிஸ் நிற்கும் இடம் நெருங்கத் தலைக்கு ஏறும். முழங்கை இதுவரை சிறு கீறல்கூட இல்லாமல் பத்திரமாக இருக்கிறது.

ஒரு விடயத்தில் மட்டும் வன்னியின் சகல வாகனக்காரரும் ஒரு தாய் பிள்ளைகள். முன்னால் ட்ரபிக் பொலிஸ் நின்றால், எதிரே வருகிற முன்பின் தெரியாத காருக்கும் டிப்பருக்கும் அண்ணை லைற் அடித்துக் காட்டுவார். ஹெல்மெற் போடாத பொடியனைக் கண்டால் தன் தலையைத் தட்டிச் சைகை செய்வார். மாடு நடுரோட்டில் படுத்துக் கிடக்கிறது என்று லைற் அடிப்பவரை நான் இன்னும் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படங்கு விலகும். வேட்டி, கைமணிக்கூடு, சந்தனப்பொட்டு. காரில் ஏறிய அண்ணைக்கு ரோட்டில் போகிற இரண்டு சில்லு எல்லாம் ஒன்றுதான். “பூச்சியள்” என்பார். சைக்கிள்காரன் ஆடுகிறானாம். ஏன் ஆடுகிறான் என்று முந்தநாள் விரல் மடக்கியவர் இவர்தான். இருட்டில் லைற் இல்லாமல் வருகிறானாம். எதிர்ப்பக்கத்தால் வருகிறானாம். “உவங்களுக்கு ஒரு சட்டமும் இல்லையோ?” கேட்டுக்கொண்டே ஹை பீம் லைற்றை எதிரே வருகிறவன் கண்ணுக்குள் பாய்ச்சுவார். இறங்கும்போது பின்னால் பார்க்காமல் கதவைத் திறப்பார். கதவில் மோதாமல் வெட்டி விலகிய சைக்கிள்காரனைப் பார்த்து, “கண்ணைத் திறந்து ஓடு தம்பி!”

தெற்கே போனால் முறிகண்டியில் நிற்காமல் போகமாட்டார். ஏ-9இல் போகிற எவரும் அப்படித்தான். பிள்ளையாருக்குக் கற்பூரம், தேங்காய், நமக்குக் கச்சான். நேர்த்தி முடிந்ததும் அண்ணையின் வலது காலுக்குப் புதுத்தென்பு வரும். முறிகண்டிக்கு அப்பால் பிறேக் பிடிப்பது பிள்ளையாரின் பொறுப்பு என்று நினைக்கிறாரோ என்னவோ. எலியில் போகிற கடவுளிடம் கார்க்காரர் இவ்வளவு பாரம் சுமத்துவது சரியில்லை.

அண்ணையை மட்டும் குற்றம் சொல்லி என்ன? அவர் ரோட்டுப் பழகிய காலம் அப்படி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அதிசயம். மோட்டார் சைக்கிளுக்குக் காபரேற்றரில் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னால் போகிறவன் மூக்கைப் பொத்தினான். சைக்கிள்தான் அந்த நாளில் லொறி, அம்புலன்ஸ், இடம்பெயர்ந்தபோது வீடும் அதுதான். ஏ-9 இருந்த இருப்பில் கார் என்ன, சைக்கிள் என்ன, கிடங்குக்குக் கிடங்கு எல்லாரும் வளைந்து வளைந்துதான் போனார்கள். ஆளுக்காள் வேக வித்தியாசம் அதிகம் இல்லை. 2002இல் பாதை திறந்து ஓமந்தைக்கு அப்பாலிருந்து பளபளவென்று வாகனங்கள் வந்தபோது, தமிழீழக் காவல்துறை வேகம் பிடித்துத் தண்டம் எழுத, கொழும்புச் சாரதிகளும் அடக்கமாகவே ஓடினார்கள். 2006 ஓகஸ்டில் அதுவும் மூடுண்டது.

பிறகு, யுத்தம் முடிந்து, காப்பெற் ரோட்டு வந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம்; நானும்தான், வவுனியாவுக்குப் போய்வர இடுப்பு நோகாமல் இருந்தது. ஆனால் கிடங்குகள் கட்டிக்காத்த சமத்துவம் அன்றோடு போயிற்று. நகருக்கு வெளியே காருக்குச் சட்டம் தரும் உச்சவேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். சைக்கிள் 15. அந்த வித்தியாசத்தில் கார் ஒவ்வொரு செக்கனுக்கும் 15 மீற்றர் சைக்கிளை நெருங்கும். ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் தூரத்துப் புள்ளி பொனற்றுக்கு முன்னால் நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்கு. அண்ணைக்கு இது தெரியாததல்ல. மகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். கணக்கு கொப்பிக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

2022இல் ஒரு அதிசயம் நடந்தது. பெற்றோல் இல்லை. யூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அண்ணை அலுவலகத்துக்கும் லுமாலாவில் போகத் தொடங்கினார். ஒரு மாதத்தில் ஆள் மெலிந்தார், கொள்கை தடித்தது. சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும், பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் மனு எழுதி எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். அருமையான மனு. பிறகு எண்ணெய் தாராளமாக வந்தது. படங்கு விலகியது. அடுத்த மனுவோடு வந்தபோது நான் வாசியாமலே கையெழுத்து வைக்கப் போனேன், மனைவி வாசித்தாள். கார் அடி முட்டுவதால் சந்திக்கு உள்ளே இருக்கிற வேகத்தடையை வெட்டி எடுக்க வேண்டுமாம்.

அறுவடைக் காலத்தில் அவருக்கு நாலாவது நியாயம் ஒன்றும் முளைக்கும். இரணைமடுத் தண்ணியில் விளைகிற இரண்டு ஏக்கர் அவருக்கு உண்டு. ஈர நெல்லைக் காயவிடக் களம் எங்கே? காப்பெற் ரோட்டைவிட நல்ல களம் வன்னியில் இல்லை. கரைக் கோட்டிலிருந்து ரோட்டுக்குள் ஐந்தாறடி நெல் பரவும். வாகனம் ஏறாமலிருக்கச் சுற்றிவரக் கல்லும் பனங்குற்றியும் வரிசையாக வைப்பார். இப்போது சைக்கிள்காரனுக்குக் கரை இல்லை, நடுவுக்கு வருகிறான். அவனை விலத்த மோட்டார் சைக்கிள் இன்னும் நடுவுக்கு. இரண்டையும் விலத்தக் கார் மற்றவன் பக்கத்துக்கு. நெல்லின்மேல் சில்லு ஏறினால் மோட்டார் சைக்கிள் வழுக்கும். பொழுதுபட்டு நெல்லை அள்ளினாலும் குற்றி அங்கேயேதான் கிடக்கும், நாளைக்கும் காயவிட வேண்டுமே. அண்ணை தலைப்பாகையோடு நெல் விறாண்டியை ஊன்றிக்கொண்டு நின்று மூன்று சாதியாரையும் ஒரே மூச்சில் ஏசுவார்: “கொப்பற்ரை ரோட்டோடா?”

போன ஆவணியில் மைத்துனர் வந்திருந்தார். ரொறொன்ரோவில் பஸ் ஓட்டுகிறவர். பரந்தன் பக்கம் போய்வர அண்ணை காரை எடுத்தார், நான் பின்சீற்றில். முன்னால் ஒரு வயதானவர், கரியலில் புல்லுக்கட்டு. எதிரே டிப்பர். மைத்துனரின் கால் இல்லாத பிறேக்கைத் தேடி மிதித்தது.

“அத்தான், பொறுங்கோ, டிப்பர் போகட்டும். எங்கட ஒன்ராறியோவில சைக்கிளை விலத்தேக்க ஒரு மீற்றர் இடைவெளி விடவேணும். 2015இலிருந்து சட்டம்.”

“ஒரு மீற்றரோ? உவர் அந்த ஒரு மீற்றருக்குள்ளதானே நாலு பக்கமும் ஆடுறார்.”

“அதுக்குத்தான் அத்தான் அந்த ஒரு மீற்றர்.”

அண்ணை பேசவில்லை. பேசாமல் வேகத்தைக் குறைத்து, டிப்பரை விட்டு, நன்றாக ஒதுங்கி எடுத்தார். புல்லுக்கட்டு ஐயா கையை உயர்த்தினார். அண்ணை ஹோர்னைச் சின்னதாய் ஒரு தட்டுத் தட்டினார். அவரால் முடியும் என்று அன்றுதான் கண்டேன். வீட்டுக்கு வந்ததும் “கனடாக்காரர் சரியான பயந்தாங்கொள்ளியள்” என்று மனைவியிடம் சொன்னது மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

இப்போது மகள் லைசன்ஸ் எடுக்கப் படிக்கிறாள். எழுத்துப் பரீட்சைக்குப் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து விறாந்தையில் இருந்து ஒவ்வொரு கேள்வியாகத் தகப்பனிடம் கேட்கிறாள். சந்தியில் வட்டத்தைச் சுற்றுவது, இரட்டைக் கோடு, பாதசாரிக் கடவை எல்லாம் டக்கென்று சொன்னார்.

“அப்பா, இதுக்குச் சொல்லுங்கோ. ஒடுங்கின பாலம். ஒரு பக்கத்தால சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வருது. மற்றப் பக்கத்தால கார். ஆர் நிண்டு வழி விடவேணும்?”

அண்ணை புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். படத்தைப் பார்த்தார். மறுபக்கத்தைப் பிரட்டி அங்கேயும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

“உது பிழையான கேள்வி, பிள்ளை.”

“ஏனப்பா?”

“நான் எதில வாறன் எண்டு போடேல்லையே.”