பூஜை போடப் போற மாப்ளைக்கு

உக்காரு மாப்ள. படம் எடுக்கப் போறியாமே. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, உங்க அத்தைக்கு மட்டும்தான் தெரியாது. தெரியவும் வேணாம், வாசக் கூட்டிக்கிட்டிருக்கா.

நான் தடுக்கமாட்டேன்ப்பா. நல்ல தொழில். நடிகனுக்குச் சம்பளம், டைரக்டருக்குச் சம்பளம், லைட்டு தூக்குறவனுக்குச் சம்பளமும் பேட்டாவும். சம்பளமே இல்லாம மாலை மட்டும் வாங்குறது புரொடியூசர்தான். அந்த மாலையும் உன் காசு.

ஏவி.எம். செட்டியாரைப் பாத்து ஆசை வந்துச்சுங்கிற. நம்ம காரைக்குடிக்காரரு, வராம இருக்குமா! ஆனா நீ அவரு கதையைப் பாதியிலேர்ந்து படிச்சிருக்க. 1935-ல கல்கத்தாவுக்கே போயி 'அல்லி அர்ஜுனா' எடுத்தாரு. ஓடல. அடுத்து 'ரத்னாவளி'. அதுவும் ஓடல. அவருக்காச்சும் பின்னால கிராமபோன் தட்டு யாவாரம் இருந்துச்சு. உனக்குப் பின்னால என்ன இருக்கு? திரும்பிப் பாரு, உங்க ஆத்தாதான் நிக்கிது.

அப்பறம் யுத்த காலத்துல மெட்ராசை விட்டு வந்து, நம்ம தேவகோட்டை ரஸ்தாவுல ஒரு நாடகக் கொட்டகையைப் பிடிச்சு ஸ்டூடியோ ஆக்குனாரு. அங்க எடுத்ததுதான் 'நாம் இருவர்'. 1947 பொங்கலை ஒட்டி வந்துச்சு. சுதந்திரம் வர்றதுக்கு முந்தியே பட்டம்மா குரல்ல பாரதியார் பாட்டு! அதுல இருக்குற சூட்சுமத்தைக் கேளு. ப. நீலகண்டனோட அந்தக் கதை ஏற்கெனவே மேடையில தேறுன நாடகம். அதுக்கு முந்தி எடுத்த 'சபாபதி' பம்மல் சம்பந்த முதலியார் நாடகம். 'பராசக்தி'யும் 'சர்வர் சுந்தர'மும் அப்படித்தான். அடுத்த வீட்டுக்காரன் கடிச்சுப் பாத்து இனிக்குதுன்னப்பறம் மாங்காய்க்கு வெலை கேட்ட மாதிரி.

அதனால நீயும் முதல்ல ஒரு நாடகம் போடு. நட்டம் சிறுசா வரும், அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுரும். எந்த இடத்துல சனம் எந்திரிச்சு டீக்கடைக்குப் போகுதுன்னு குறிச்சுக்க. மறுநாளு அந்தக் காட்சியை வெட்டிரலாம். சினிமாவுல அது தெரியவர்றப்ப, நீ புரோ நோட்டுல கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருச வட்டி ஏறியிருக்கும்.

நாடகத்தோட நின்னுட்டாலும் கஷ்டம்தான். ஆர்.எஸ்.மனோகர் சினிமாவுல வில்லனா அடிவாங்கிச் சம்பாதிச்சதை 'நேஷனல் தியேட்டர்ஸ்' மேடையில இறைச்சாரு. 'இலங்கேஸ்வரன்' ஆயிரம் தடவைக்கு மேல நடந்துச்சுப்பா! எம்.ஜி.ஆர். 1958-ல சொந்தக் காசுல 'நாடோடி மன்னன்' எடுத்தப்ப, ஓடுனா மன்னன், ஓடலைன்னா நாடோடின்னு சொன்னதா இன்னும் பேசுவாக. படம் ஓடிருச்சு. மறுவருசம் சீர்காழியில 'இன்பக் கனவு' நாடகத்துல குண்டுமணியைத் தூக்கப் போயி காலு முறிஞ்சுச்சு. சினிமாவுல தப்பிச்சவருக்கு மேடையில முறிஞ்சுச்சு. உனக்கு ரெண்டுலயும் முறிய வாய்ப்பிருக்கு, உடம்பைப் பாத்துக்க.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல மாப்ள. ரிலீசுக்கு முந்துன ராத்திரி ஒண்ணு இருக்கு பாரு, அதைத் தாண்டணும். அந்தக் காலத்துல பைனான்சியர் சரின்னு சொல்லாம லேப்லேர்ந்து பெட்டி நகராது. இப்ப பெட்டி போயி 'கீ' வந்துருச்சு. கம்ப்யூட்டர்ல அந்தக் கீயைத் திறந்துவிட்டாத்தான் தியேட்டர்ல படம் ஓடும். காலைக் காட்சிக்கு ரசிகன் பால் குடத்தோட நிப்பான். கீ வராது. நீ எங்க இருப்பங்கிற? பைனான்சியர் ஆபீசு மாடிப்படியில, மச்சினன் வீட்டுப் பத்திரத்தை மஞ்சப்பையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. ஏரியா வாங்குறேன்னு சொன்ன விநியோகஸ்தரு போனை எடுக்கமாட்டாரு. எடுத்தாலும் மினிமம் கேரண்டி எல்லாம் கட்டாது, அட்வான்சு வேணா தர்றேம்பாரு. அந்நேரம் ஹீரோ பாக்கிச் சம்பளத்தை விட்டுக்குடுத்தா, 'பெரிய மனசு'ன்னு பேப்பர்க்காரன் போட்டோவோட போடுவான். நீ வீட்டையே விட்டிருப்ப, அதுக்கு ஒரு வரி வராது.

சரி, முடிவு பண்ணிட்ட. கெழக்குச் செய்யை விக்கத்தான போற? வெளியாளுக்கு வித்துராத, மாமன் நான் எதுக்கு இருக்கேன். வெலை சித்த முன்னப்பின்ன இருக்கும், ஆனா ரொக்கம். படம் ஓடுனா அதே செய்யைத் திருப்பி வாங்கிக்க, வட்டி போட்டுத் தர்றேன்னாலும் வேணாம்னு சொல்லமாட்டேன். ஓடலைன்னா ஐப்பசியில நாத்துப் பறிக்க ஆளு வேணும். ஊருல குடுக்குற கூலிக்கு மேல உனக்குப் பத்து ரூவா சேத்துத் தாரேன்.