இரண்டு கதவு, நான்கு கால்

போன வாரம் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, நாய் வளர்ப்பவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கூடாது என்று சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே எங்கும் எழுதி வைக்கவில்லை என ஒரு வரி போட்டேன். அவ்வளவுதான். செண்டாயான் சுற்றுவட்டாரத்தில் நாயையும் இந்த ஆசையையும் ஒரே வீட்டில் வளர்ப்பவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தபாலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வழக்கம்போல் மைலேஜ் மாமா முந்திக்கொண்டார். முதலில் அவரை அனுப்பிவைப்போம்.

மைலேஜ் மாமா, ரந்தாவ்

கே: ஸ்போர்ட்ஸ் கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?

ப: இதைக் கேட்டுவிட்டு வாங்குகிறவருக்கு ஒன்றும் கொடுக்காது, மாமா.

டைகரின் அப்பா, பண்டார் ஸ்ரீ செண்டாயான்

கே: வயது 27. டெக்வேலியில் வேலை. டொயோட்டா ஜிஆர்86 மேல் ரொம்ப நாளாக ஒரு கண். வீட்டில் 28 கிலோவில் ஒரு லாப்ரடார் கலப்பு இருக்கிறான், பெயர் டைகர். தினமும் வேலைக்குப் போக, சனி ஞாயிறு டைகரோடு போர்ட்டிக்சன் பக்கம் ஒரு சுற்று, அவ்வப்போது சிரம்பானில் மிருக டாக்டர். இந்த ஒரு கார் போதுமா? அம்மா, மைவி வாங்குடா என்கிறார்.

ப: தம்பி, அம்மாவின் கட்சியை முதலில் பேசிவிடுகிறேன். பெற்ற வயிறு பொல்லாதது. மைவி 1.5-க்கு ரோட் டேக்ஸ் 90 வெள்ளி. நீங்கள் கண் வைத்திருப்பது 2,387 சிசி. அதற்கு 767 வெள்ளி. மூன்று லட்சத்தை ஒட்டிய அந்த விலைக்கு மைவியாக வாங்கினால் அம்மாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, டைகருக்கு ஒன்று என்று கொடுத்த பிறகும் காசு மிஞ்சும். அம்மா கட்சி முடிந்தது. இனி டைகர் கட்சி.

அந்தக் காரின் பின் சீட் மனிதப் பிறவிக்காகச் செய்ததல்ல. பாரத்தில் 'இருக்கை: 4' என்று நிரப்புவதற்காகச் செய்தது. உங்கள் சித்தப்பாவை அங்கே திணித்தால் மறுநாள் சொத்துத் தகராறு வரும். டைகருக்கோ அந்தக் கவலையே கிடையாது. பின் சீட்டின் முதுகை மடக்கிவிட்டால் பூட் வரைக்கும் ஒரே தளம். மேலே ஒரு ரப்பர் பாய், அதற்கு மேல் பழைய கம்பளி. வளைவில் வழுக்காமல் படுத்துக்கொள்வான்.

இன்னொன்று, எஸ்யூவிக்காரர்கள் என்மேல் ஏற்கெனவே கோபமாக இருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன். நாய்க்கு நல்லது என்று சொல்லி விற்கப்படும் அந்த உயரமான வண்டிகளில், வயதான நாய் ஏறும்போது இடுப்பும் இறங்கும்போது முன்னங்கால் மூட்டும் வாங்கிக் கட்டிக்கொள்கின்றன. கூப்பே தரையோடு தரையாக இருப்பது. முன் சீட்டை முன்னால் தள்ளிவிட்டால் டைகர் தாவ வேண்டாம், நடந்தே உள்ளே போகலாம்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு கதவுக் காரின் கதவு நீளமானது. உங்கள் டெரஸ் வீட்டுப் போர்ச்சில் அது பாதி திறந்ததும் தூணில் இடிக்கும். அந்தப் பாதி இடைவெளியில் நீங்கள் நெளிந்து வெளியே வருவதற்குள் டைகர் தெருமுனையில் இருப்பான். கேட்டைச் சாத்திவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். அடுத்தது வேகத்தடை. காருக்கும் தரைக்கும் இடைவெளி 13 சென்டிமீட்டர்தான். நம் தாமான்களில் சிலர் போட்டிருக்கும் வேகத்தடையின் உச்சியில் ஏறி நின்றால், சுங்கை பீசியிலிருந்து இங்கே குடிவந்த ஆகாயப்படைத் தளம் முழுசாகத் தெரியும். கோணலாக ஏற்றி, கோணலாக இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டைகர் ஒரு பக்கமாகச் சரிவான். இந்த வேகத்தடைகளைப் பற்றி மனு எழுதி எழுதி என் பேனாவில்தான் மை தீர்ந்தது.

மார்புக் கச்சை வாங்கி, அதைச் சீட் பெல்ட்டோடு கோத்துவிடுங்கள். பின் சீட்டில் மனிதர்கள் பெல்ட் போட வேண்டும் என்று 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. நாய்க்குச் சட்டம் இல்லாவிட்டாலும் திடீர் பிரேக் ஆள் பார்த்து அடிப்பதில்லை. சாய்ந்த பின்கண்ணாடி வழியே நம் ஊர் வெயில் நேரே அவன் முதுகில் விழும். 2019 முதல் பின்பக்கக் கண்ணாடிகளுக்கு எவ்வளவு கறுப்பாகவும் டிண்ட் ஒட்டலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சலுகையை டைகருக்காகப் பயன்படுத்துங்கள்.

என் தீர்ப்பு: காசு உங்களுடையது, மாதத் தவணை நெஞ்சை அடைக்காது என்றால் வாங்கலாம். ஆனால் ஓட்டிப் பார்க்கப் போகும்போது டைகரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் ஏறாத காரில் நீங்களும் ஏறிப் பார்க்க வேண்டாம்.

ஹஸ்கி பிரியை, சிரம்பான்

கே: எங்கள் ஹஸ்கிக்கு எந்தக் கூப்பே பொருத்தம்?

ப: மீன் ஏற்றும் குளிர்சாதன லோரி.

ரேஸ் ரசிகன், நீலாய்

கே: என் நாய் காரில் எழும் சத்தத்துக்குக் குஷியாகிறது. சிப்பாங் பந்தயத் திடலுக்குக் கூட்டிப்போகலாமா?

ப: பார்முலா ஒன் 1999-ல் அங்கே வந்து 2017-ல் போய்விட்டது. நாயாவது சொல்லாமல் போகாது. வீட்டிலேயே விடுங்கள்.

புத்ரா பித்தன், மம்பாவ்

கே: பழைய புரோட்டோன் புத்ரா ஒன்று விலைக்கு வருகிறது. எனக்கும் என் நாட்டு நாய் பிளாக்கிக்கும் சரிப்படுமா?

ப: வந்தார் நம்ம ஆள்! எஸ்யூவி கேள்விகளுக்குப் பதில் எழுதித் தேய்ந்த கைக்கு இன்றைக்குத்தான் விருந்து.

புத்ரா 1996-ல் வந்தது. மிட்சுபிஷி மிராஜ் ஆஸ்டியின் உடன்பிறப்பு. 1.8 லிட்டர், இரட்டை கேம், 140 குதிரை. இங்கிலாந்துக்காரனுக்கு அதையே புரோட்டோன் கூப்பே என்று பெயர் மாற்றி விற்றார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர் பெரும்பாலும் கிராணிதான், அதுவும் நாலு கதவு சாகா. கல்யாணமா, பிரசவமா, திருவிழாவுக்குச் சாமான் ஏற்றணுமா, நடுராத்திரியிலும் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் இரண்டு கதவுக் காரை வாங்குவது, 'என்னால் யாருக்கும் ஒரு உபகாரமும் இல்லை' என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வதற்குச் சமம். புத்ரா வாங்கிய பையனைப் பெரியவர்கள் முறைத்தது வேகத்துக்காக இல்லை. பின்னால் மூன்று ஆயாக்கள் உட்கார முடியாததற்காக. அந்தத் திமிருக்காகவே எனக்குப் புத்ராவைப் பிடிக்கும்.

இனி புத்தி சொல்கிறேன். இன்று விலைக்கு வரும் புத்ராக்களில் பல, தம்மை மிட்சுபிஷி இவோ என்று நினைத்துக்கொண்டிருப்பவை. பானட்டைத் திறந்தால் வேறு யாருடைய இஞ்சினோ இருக்கும். கிராண்டில் உள்ள இஞ்சின் நம்பரையும் இரும்பில் உள்ள நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் வாகனச் சோதனைக்காகப் பூஸ்பாகோமுக்கும் ஜேபிஜேக்கும் நடப்பதே உங்கள் தினசரி ஓட்டமாகிவிடும். கதவு ரப்பர் காய்ந்து மழைநீர் உள்ளே இறங்கியிருந்தால் கம்பளத்தைத் தூக்கி மோந்து பாருங்கள். பிளாக்கி அந்த வேலையை உங்களைவிடச் சீக்கிரம் முடித்துவிடும்.

கடைசியாகச் சைலன்சர். பெருங்குழாய் மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு கடையை மூடிவிடும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். நீங்கள் சங்கீதம் என்று நினைப்பது அதற்குச் சித்திரவதை.

என்னைக் கேட்டால், பிளாக்கிக்காகச் சத்ரியா ஜிடிஐ தேடுங்கள். 1998-ல் வந்தது, லோட்டஸ்காரர்கள் சஸ்பென்ஷனைப் பிடித்துச் சரிசெய்தது, இஞ்சினும் அதே 1.8. பின்னால் மேலே தூக்குகிற மூன்றாவது கதவு ஒன்று உண்டு. அது நாயின் கதவு. இந்த நாட்டில் வீட்டு நாய்க்கென்று தனி வாசல் வைத்துக் கட்டிய ஒரே ஸ்போர்ட்ஸ் கார் அதுதான் என்று நான் வாதிடுவேன். எதிர்வாதம் எழுத நினைப்பவர்கள் அதைத் தங்கள் நாயிடம் வாசித்துக் காட்டவும்.

சந்தேகி, ராசா

கே: இரண்டு கதவு கூப்பேயில் முன் சீட் மனைவிக்கா, நாய்க்கா?

ப: முன்னால் ஏர்பேக் வெடித்தால் நாய் தாங்காது. பின்னால் உட்காரச் சொன்னால் மனைவி வெடிப்பார். கேள்வியே எழவில்லை.

இரண்டுங்கெட்டான், சிலியாவ்

கே: கூப்பே மாதிரியும் இருக்கணும், கதவும் கூட இருக்கணும். அப்படி ஏதாவது?

ப: மஸ்டா ஆர்எக்ஸ்-8. முன் கதவைத் திறந்த பிறகு, பின்னால் ஒரு குட்டிக் கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். நாய் அரசமரியாதையோடு ஏறலாம். ஆனால் அந்தச் சுழல் இஞ்சின் பெட்ரோலோடு இஞ்சின் ஆயிலையும் சேர்த்துக் குடிக்கும். ஹுண்டாய் வெலாஸ்டர், ஓட்டுநர் பக்கம் ஒரு கதவு, மறுபக்கம் இரண்டு. அதை வரைந்தவர் பாதியில் சாப்பிடப் போயிருக்க வேண்டும். நாய் வைத்திருப்பவருக்கு மட்டும் அது சரியான கணக்கு.

பெயர் வேண்டாம், லாபு

கே: பாசார் மாலாமில் ஐந்து நிமிஷ வேலை. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நாயைக் காரில் விட்டுப் போகலாமா?

ப: வேண்டாம். இதற்கு வேடிக்கையாகப் பதில் சொல்ல மாட்டேன்.

வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு பத்து நிமிஷத்தில் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். வெளியே 33 என்றால் உள்ளே 43. அரை மணியில் 50-ஐத் தாண்டலாம். ஜன்னலை நான்கு விரல் இறக்குவதால் பெரிய வித்தியாசம் எதுவும் வராது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். இழுக்கும் காற்றே சூடாக இருந்தால் அந்த வழியும் அடைந்துவிடும். உடம்புச் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கூப்பேயில் இது இன்னும் மோசம், உள்ளே இடம் குறைவு, சாய்ந்த கண்ணாடி அதிகம். ஏர்கானை ஓடவிட்டுப் போகிறேன் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: இஞ்சின் தானாக நின்றுபோனால் உங்களுக்குத் தெரியாது. இரவுச் சந்தைதானே என்றும் சொல்ல வேண்டாம், கடை போடுகிற நேரத்தில் வெயில் இன்னும் இறங்கியிருக்காது. ஐந்து நிமிஷ வேலை சந்தையில் ஐந்து நிமிஷத்தில் முடிந்ததும் கிடையாது.

எச்சில் கோழையாக ஒழுகி, ஈறு சிவந்து, கால் தள்ளாடினால் நிழலுக்குத் தூக்குங்கள். குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றுங்கள், காற்று படச் செய்யுங்கள், பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு அபராதம் 20,000 வெள்ளியில் தொடங்கி ஒரு லட்சம்வரை போகும், மூன்று வருஷம்வரை சிறையும் உண்டு. சட்டத்துக்குப் பயந்து என்றாலும் சரி, நாயை வீட்டில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போங்கள்.

விற்கப் போகிறவர், சிரம்பான்

கே: நாய் ஏறிய கார் என்று வாங்க வருபவரிடம் சொல்ல வேண்டுமா?

ப: கட்டாயம். வருபவர் முஸ்லிம் அன்பராக இருந்தால் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அவருக்கு அது விலைப் பேரம் இல்லை, சுத்தம் பற்றிய விஷயம். மறைத்து விற்ற காசில் வாங்கும் பிஸ்கட் உங்கள் நாய்க்கும் செரிக்காது.

வேட்டைக்காரன், ரந்தாவ்

கே: ராஜபாளையம் நாய் ஒன்று வளர்க்க ஆசை. ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்போர்ட்ஸ் நாய்தானே பொருத்தம்?

ப: இந்திய அஞ்சல்துறை 2005-ல் தபால்தலை போட்டுக் கௌரவித்த நாய் அது. அதைக் கொண்டுவந்து கூப்பேயில் மடித்து வைக்கப் போகிறீர்களா? தோள் உயரமே 65 சென்டிமீட்டருக்கு மேல். உட்கார்ந்தால் காது கூரையில் இடிக்கும். அது ஓடப் பிறந்த ஜாதி. கார் ஓட, அது உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் இரண்டே வாரத்தில் உங்கள் சீட் பஞ்சுக்கு விடுதலை கொடுத்துவிடும். செம்பனைக் காட்டோரம் பிறந்து யாரோ போட்ட சோற்றில் வளர்ந்த குட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரிலும் அடங்கும், நம் ஊர் வெயிலுக்குப் பழகியது, தபால்தலை கேட்காது.

ஒரு பாட்டி, தோட்டத்திலிருந்து

கே: லயத்தைக் காலி செய்யச் சொல்லிட்டாங்க. மகன் செண்டாயான் தாமான்ல வீடு வாங்கிட்டான். கூட்டிப் போக வாரான், ஆனா அவன் காடிக்கு ரெண்டு கதவுதான். என் ஜிம்மிக்குப் பதினோரு வயசு, காடியில ஏறிப் பழக்கமில்ல. இங்கயே விட்டுட்டு வா, பக்கத்துல யாராச்சும் சோறு போடுவாங்கன்னு சொல்றான். என்ன செய்யட்டும் சாமி?

ப: அம்மா, கூட்டிக்கொண்டு போங்கள். லயம் காலியானால் சோறு போடவும் ஆள் இருக்காது. ஆட்கள் போன தோட்டங்களில் நாய்கள் முச்சந்தியில் நின்று லோரி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதை இந்த வட்டாரத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பிறகு நகராண்மையின் வண்டி வரும்.

ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. அன்று காலை சோறு போட வேண்டாம், தண்ணீர் போதும், வாந்தி எடுக்காது. அது வாசலில் படுக்கும் சாக்கைத் துவைக்காமல் அப்படியே பின் சீட்டில் விரியுங்கள். மகனை முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளச் சொல்லுங்கள். ஒரு துண்டை ஜிம்மியின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால் இடுப்பு நோகாமல் ஏறிவிடும். கார் தாழ்வாக இருப்பது இந்த ஒரு வேலைக்கு வசதி. நீங்களும் பின்னாலேயே அதன் பக்கத்தில் உட்காருங்கள், வழியெல்லாம் பேசிக்கொண்டே போங்கள். போய்ச் சேர்ந்ததும் சாக்கைப் புது வீட்டு வாசலில் போட்டு, முதல் வாரம் கயிற்றில் வையுங்கள். இல்லாவிட்டால் பழைய லயத்தைத் தேடி நடந்துவிடும். நாய் உரிமத்துக்குச் சிரம்பான் மாநகர் மன்றத்தில் மகன் போய் விண்ணப்பிக்கட்டும்.

மகனே, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போவது நீதான் என்று தெரியும். முன் சீட்டை இப்போதே தள்ளிப் பழகிக்கொள்.

அழகுப்பிரியன், பண்டார் ஸ்ரீ செண்டாயான்

கே: சரி, கூப்பே வாங்குவது என்று முடிவாகிவிட்டது. உள்ளே சீட் என்ன நிறத்தில் எடுக்கலாம்?

ப: உங்கள் நாயின் நிறத்தில். முடி கொட்டினால் தெரியாது.