முப்பது நாளில் நாவல்

கேள்வி: ஒரே மாதத்தில் நாவல் எழுதுவதாகத் தோழிகளிடம் சவால் விட்டுவிட்டேன். நடக்கிற காரியமா?
(வாசகி, வெள்ளிமலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்)

பதில்: தாராளமாக! 1999-இல் அமெரிக்காவில் 21 பேர் தொடங்கிய சவால் இது. 50,000 சொற்கள், நாளுக்கு 1,667. நமக்கும் இது புதிதல்ல. ராஜேஷ்குமார் 1,500 நாவல்களைத் தாண்டியவர். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை அன்றாடம் எழுதி, ‘வெண்முரசை’ 26 நாவல்களாக முடித்தார். அவர்களுக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான்.

கதைக்கும் அலைய வேண்டாம். உங்கள் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்களிடம் இன்றே போய் உட்காருங்கள்; அவர்களின் நினைவு காத்திருக்காது.

முதல் பிரதிக்கு முப்பது நாள் போதும். திருத்துவதற்கு? உங்கள் ஊர் மரவள்ளிக்கே பத்து மாதம் ஆகிறது. நாவலுக்கும் அதைக் கொடுங்கள்!