வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்!

கேள்வி: போர்ச்சுகலில் இரண்டே நாள்தான் கையில். டோரோ பள்ளத்தாக்கா, போர்ட்டோ நகரமா? எனக்கு மதுப்பழக்கம் வேறு கிடையாது. (வாசகர், காரைக்குடி)

பதில்: இரண்டும் ஒரே ஆற்றங்கரைதானே, ஏன் பஞ்சாயத்து? முதல் நாள் போர்ட்டோவின் சாவ் பென்ட்டோ ஸ்டேஷனுக்குப் போங்கள். முன்கூடச் சுவரில் சுமார் 20,000 நீல ஓடுகள். போர், ஊர்வலம், ராஜா, ராணி எல்லாம் உண்டு. அதிலேயே லயித்து ரயிலைக் கோட்டைவிட்டால் நான் பொறுப்பல்ல. அங்கிருந்து டோரோ பள்ளத்தாக்கிலிருக்கும் பின்ஹாவுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்க ஜன்னல். முதல் ஒரு மணி நேரம் தூங்கலாம். ஆறு அதன் பிறகுதான் வந்து ஒட்டிக்கொள்ளும். மலை முழுக்கப் படிக்கட்டுப் படிக்கட்டாகத் திராட்சை. 1756-லேயே எல்லை வகுத்துச் சட்டம் போட்ட பூமி. பார்ப்பதற்குக் குடிக்க வேண்டிய அவசியமில்லை.

மறுநாள் போர்ட்டோ. 'போர்ட்' ஒயினுக்குப் பெயர் கொடுத்தது இந்த ஊர். ஆனால் பீப்பாய்கள் காலங்காலமாக ஊறுவது எதிர்க்கரையில், காயாவில். நம்மூர் பினாமி தோற்றார்! நடுவில் நிற்கும் 1886-ஆம் வருட இரும்புப் பாலத்தை ஐஃபெல் கட்டியதாகச் சொல்வார்கள், நம்பாதீர்கள். வடிவமைத்தவர் அவருடைய முன்னாள் கூட்டாளி செய்ரிக். மேல்தளத்தில் மெட்ரோவோடு நீங்களும் நடக்கலாம்.

உள்ளூர்க்காரர்களுக்குப் பட்டப்பெயரே 'குடல் தின்னிகள்'. வெள்ளை பீன்ஸ் போட்ட குடல்கறிதான் ஊர்ப் பெருமை. செட்டிநாட்டு நாக்குக்கு உறைக்காது, மிளகுப்பொடி கொண்டுபோங்கள்.