ஏழாவது மாடியில் கருட சேவை

ஏலே பேராண்டி, மெட்ராசுல ஏழாவது மாடியில வீடு வாங்கி, பருந்து பாக்க ஜன்னலோரம் நாற்காலி போட்டு, பைனாகுலரும் வாங்கிட்டியாமே. நல்லது. மாசாமாசம் வட்டி கட்டுறவன் வானத்தையாவது ஓசியில பாக்கட்டும்.

ஆனா நேத்து ‘தாத்தா, கழுகு!’ன்னு போட்டோ அனுப்பினியே, அது கழுகு இல்லலே, கள்ளப்பருந்து. மீன் மார்க்கெட்டுல குடலுக்கும் குப்பைமேட்டுல கோழித்தோலுக்கும் அலையுற பய. வாலைப் பாரு. நடுவுல மீன்வாலாட்டம் பிளந்திருந்தா அவன்தான். வால் வட்டமா, தலை வெள்ளையா, உடம்பு செங்காவியா இருந்தா செம்பருந்து. அதைப் பாத்துத்தான் ஒங்க ஆச்சி கருடன்னு கன்னத்துல போட்டுக்குவா. நீ யாரைப் பாத்துப் போட்டுக்கிட்டியோ, நான் கேக்கல.

நிசக் கழுகு செத்த மாட்டைத் தின்னு ஊரைச் சுத்தம் பண்ணுனது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபெனாக் ஊசிமருந்து அது வயித்துக்குள்ள போயி சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டங்கூட்டமாக் கொன்னுபோட்டுது. 2006ல மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்தைத் தடை பண்ணுனாங்க. மிச்சமிருக்கிறதைப் பாக்கணும்னா முதுமலைப் பக்கம் மாயாத்துக்குப் போ. ஒன் ஜன்னலுக்கு வராது.

அஞ்சு மணிக்கு அலாரம் வைக்கியாமே, எதுக்குலே? வெயில் ஏறித் தரை சுட்டு, சூட்டுக்காத்து கிளம்புனாத்தான் பருந்து றெக்கை அடிக்காம வட்டம் போட்டு மேல போகும். ஒன்பது, பத்து மணிக்கு உக்காரு. அதுவரைக்கும் தூங்கு, அது ஒனக்கு நல்லா வரும்.

வல்லூறு வேணும்னா வானத்தைப் பாக்காத. புறா அளவுதான் இருக்கும்; ஓணானுக்கும் குருவிக்கும் மரக்கிளைக்குள்ள அசையாமக் காத்திருக்கும். அணில் விடாமக் கத்துதா, காக்காக் கூட்டம் ஒரே மரத்தைச் சுத்துதா, அங்க பாரு. காக்கா காசு வாங்காமச் சொல்லுது, நீ கடைக்காரனுக்குக் கொட்டிக் கொடுத்திருக்க. கரிச்சானையும் கவனி. அம்புட்டுக்காணு உடம்பை வச்சுக்கிட்டுப் பருந்தை முதுகுலயே கொத்தி விரட்டும். நம்ம வீட்டுக் கோழிக்குஞ்சுல பாதியக் கரிச்சான் காப்பாத்துச்சு, மீதிய ஒங்க ஆச்சி வாய் காப்பாத்துச்சு.

ஒரு பொறாமை உண்டு. நாங்க ஆயுசுக்கும் பருந்தோட வயித்தைத்தான் பாத்தோம். நீ மேல இருந்து முதுகைப் பாக்க.

கோழித்துண்டு வீசிப் பழக்காத. பழகிட்டா நாளைக்கு எவன் வீட்டுப் புள்ள கையில இருந்தோ தோசையப் பறிக்கும். அப்புறம், அந்தக் குழாயை எதிர்வீட்டு ஜன்னல் பக்கம் மட்டும் திருப்பிராத. பருந்து பாத்தேன்னு சொன்னா எந்தப் போலீசும் நம்பமாட்டான்.