பதினைந்து சிம்பும் ஒரு சித்தப்பாவும்

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். காலியான பற்பசைப் பெட்டியைக் குப்பைக்கூடையில் போடப்போகும் கையை நடுவழியிலேயே பிடித்து, "இரு, இது ஆகும்" என்பார். எதற்கு ஆகும் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார். நமக்கு அட்டைப்பெட்டியாகத் தெரிவது அவருக்கு மாட்டுத்தொழுவம். பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்கம் தேவதையின் இறகு. முட்டை அடுக்கிவரும் அட்டைத்தட்டு பெத்லகேமைச் சுற்றியுள்ள மலைத்தொடர். வீணான பொருள் என்று ஒன்றுகூட இல்லாத உலகத்தைக் காண்கிற மனிதரோடு பழகுவது பெரிய பாக்கியம். அவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பது வேறு விஷயம்.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி சித்தப்பாவுக்கு. பாளையங்கோட்டையில் வீடு. ஒரு வங்கியில் முப்பத்தைந்து வருஷம் காசாளர். பிறர் காகிதத்தைக் காலை முதல் மாலை வரை எண்ணியவர். எண்ணலாம், கட்டலாம், ரப்பர் வளையம் மாட்டலாம். ஆனால் மடிக்கவோ வெட்டவோ வழியில்லை. அந்த ஏக்கத்தைத்தான் டிசம்பரில் எங்கள் மேல் தீர்த்துக்கொள்கிறார் என்பது சித்தியின் கட்சி. அதில் உண்மை இருக்கலாம். அவர் வீட்டில் ஸ்டார் தொங்காத ஒரே கிறிஸ்துமஸ் 2016-ஆம் வருஷத்துடையது. நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் கவுன்டரில் உட்கார்ந்து எண்ணிவிட்டு வந்த மனிதர், "இந்த வருஷம் காயிதத்தைக் கையால தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த அறிவிப்பால் நன்மை உண்டா இல்லையா என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் சித்திக்கு மட்டும் தெளிவான பதில் இருந்தது.

மற்ற வருஷங்களில் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பரண் ஏறுவார். அங்கிருந்து இறங்குகிறவற்றை முழுதும் எழுதினால் பத்திரிகையில் இடம் போதாது. சிவகாசியில் அச்சான பழைய மாதக் காலண்டர்கள், வருஷவாரியாகக் கட்டி வைத்தவை. பின்பக்கம் வழவழவென்று வெள்ளையாக இருக்குமாம். அந்த வெண்மைக்கு ஈடில்லையாம். இஸ்திரி போட்டு அடுக்கிய பரிசுப்பொருள் தாள்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் ஒரு டப்பா நிறைய. வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடித்ததில்லை, பெட்டிக்கடைக்காரரிடம் சொல்லி வைத்துச் சேகரித்தது. ஒரு சாக்கு நிறைய பாலிதீன் கவர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்துத் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது சித்தப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. ஒருமுறை உபயோகித்துத் தூக்கி எறிந்தால்தானே குற்றம் என்றார்.

இவையெல்லாம் போக, கல்யாணப் பத்திரிகைகள். கெட்டி அட்டை, ஜிகினாப் பூச்சு, பட்டுப்போல உறை. ஊரில் யார் பத்திரிகை வைக்க வந்தாலும் முகூர்த்தத் தேதியைப் பார்ப்பதற்கு முன் அட்டையின் கனத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். கனமாக இருந்தால் மாப்பிள்ளை நல்ல இடம். ஒரு வருஷம் குடிலைப் பார்க்கக் குனிந்தேன். மூன்று ஞானிகளில் நடுவிலிருந்தவரின் ஒட்டகத்தின் திமிலில் தங்க எழுத்தில் ஏதோ மினுங்கியது. என் பெயரின் பின்பாதியும் என் மனைவி பெயரின் முன்பாதியும். அவளும் குனிந்து பார்த்தாள்.

"நம்ம பத்திரிகையா?"

"நல்ல அட்டைம்மா அது," என்றார் சித்தப்பா பெருமையோடு. "நாலு வருஷமா அந்த ஒட்டகம் நிக்கி. இன்னும் கால் மடங்கல பாரு."

எங்கள் இல்லறத்தைப் பற்றி யாரும் அவ்வளவு நிறைவாகச் சொன்னதில்லை.

ஆனால் குடில், தோரணம், காகிதச் சங்கிலி எல்லாம் அவருக்குத் துணைப்பாடம். ஸ்டார்தான் மெயின். கடையில் தட்டையாக மடித்துக் கவரில் போட்டு விற்கிறார்களே, விரித்து நூலைக் கட்டினால் தொங்குமே, அதைச் சொன்னாலே முகம் சுருங்கும். "அது ஸ்டார் இல்லய்யா, பொட்டலம்" என்பார். ஸ்டார் என்றால் மூங்கில் சிம்பு. நீளச் சிம்பு 10, குட்டைச் சிம்பு 5, ஆக 15. ஐந்து நீளச் சிம்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதைப் போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளிலும் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு உள்ளே சிம்புகள் வெட்டிக்கொள்கிற ஐந்து சந்திப்பிலும் குட்டைச் சிம்பை நிமிர்த்திச் செருகினால், பசித்த வயிறு சோற்றைக் கண்டதுபோல் நடுவில் புடைத்துக்கொள்ளும்.

எந்த இடத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் சூட்சுமம். மூன்றடிச் சிம்பென்றால் முனையிலிருந்து 13¾ அங்குலத்தில் ஒரு முடிச்சு, அங்கிருந்து 8½ அங்குலத்தில் இன்னொன்று, மீதி 13¾. கூட்டினால் 36. காசாளர் கணக்கு, ஒரு நூலிழை இடிக்காது. இந்த எண்களை அடுக்களைக் கதவின் பின்புறம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாகிவிட்டது, அந்தக் கதவில் பெயின்ட் படவில்லை. எண்ணைத் தப்பவிட்ட ஆசாமிகளின் ஸ்டார்கள் தெருவில் உண்டு. ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாகி, நட்சத்திரம் நொண்டியடித்துக்கொண்டு பெத்லகேமுக்குப் போவதுபோல் இருக்கும். மாலை நடையில் அவற்றின் கீழே நின்று சித்தப்பா விடுகிற பெருமூச்சு எதிர்வீட்டு வரைக்கும் கேட்கும்.

வேலை நடக்கும்போது வாயும் நடக்கும். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில், 1830-களில், மொராவியச் சபையார் நடத்திய பள்ளிக்கூடத்தில் வடிவியல் பாடத்துக்காகக் காகிதத்தில் ஒரு நட்சத்திரம் செய்தார்கள். வழக்கமாக 25 கூம்பு. இருபத்தாறாவது கூம்பு இருக்க வேண்டிய இடம் தொங்கவிடுவதற்கு. உலகமெல்லாம் அதை இன்றைக்கும் மொராவிய ஸ்டார் என்கிறார்கள். சித்தப்பாவுக்கு இதில் ஒரு தீராத வருத்தம் உண்டு. அந்த மொராவியர்கள் 1760-லேயே நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்தவர்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஒரு முப்பது வருஷம் பொறுத்திருந்தா என்னய்யா? இருபத்தஞ்சு கூம்பும் இங்கயே வந்திருக்கும்லா?"

வந்திருந்தால் யார் ஒட்டுவது என்று நினைத்துக்கொண்டு நாங்கள் பேசாமல் சிம்பைப் பிடித்துக்கொண்டிருப்போம். ஏனென்றால் சித்தப்பா ஸ்டார் கட்டுவதில்லை, கட்டிவைப்பவர். முனையைப் பிடிக்க ஓர் ஆள், நூலை இழுக்க ஓர் ஆள், கத்தரிக்கோல் எங்கே என்று தேட ஓர் ஆள். கத்தரிக்கோல் எப்போதும் அவருடைய தொடைக்கு அடியில் இருக்கும். நாங்கள் பட்டாசல் முழுக்கத் தேடி முடித்த பிறகு எழுந்திருப்பார்.

பசை வீட்டிலேயே காய்ச்ச வேண்டும் என்பது சட்டம். மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துச் சின்னத் தீயில் கிண்டி, இறக்குமுன் ஒரு சிட்டிகை மயில்துத்தம். ஒரு வருஷம் அந்தச் சிட்டிகையை மறந்துவிட்டார். புதுவருஷம் பிறப்பதற்குள் கரப்பான்பூச்சிகள் ஓரம் ஓரமாக விருந்து முடித்து, ஸ்டார் எலும்புக்கூடாகத் தொங்கியது. பண்டிகை எல்லா ஜீவன்களுக்கும் பொது என்று சித்தி சொன்னாள். மயில்துத்தம் விஷம் என்பதால் பசைச்சட்டி அடுக்களைக்குள் நுழையக் கூடாது. பின்வாசலில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து அவர் ஒரு பக்கம் கிண்டுவார். உள்ளே சித்தி முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் விரலில் தொட்டுப் பிரித்துக் கம்பிப்பதம் பார்ப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றுமையான தம்பதி.

அப்புறம் மின்விசிறி. பட்டாசலின் நான்கு மூலையிலிருந்தும் கிரேப் காகிதத்தை முறுக்கிக் கொண்டுவந்து நடுவிலே கட்டுவது அவர் வழக்கம். நடுவிலே இருப்பது மின்விசிறி. டிசம்பர் 20 முதல் ஜனவரி 6 வரை அதைச் சுழற்றினால் வீட்டின் கூரையே பம்பரமாகிவிடும் என்பதால் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். மார்கழியில் காற்று எதற்கு என்பார். பாளையங்கோட்டை மார்கழியைப் பற்றி இப்படிப் பேசுகிறவர் வெளியூரில் வேலை பார்த்ததே இல்லை.

இத்தனைக்கும் பிறகு கணக்கு. பழக்கதோஷம், நோட்டில் எழுதிவிடுவார். சிம்பு 60, கண்ணாடித்தாள் 80, ட்வைன் நூல் 30. மைதா, வீட்டுக் கணக்கு. மண்ணெண்ணெய், வீட்டுக் கணக்கு. இரண்டாவது முறை வாங்கிய கண்ணாடித்தாள், முதல் தாள் கிழிந்ததால், "இதர". மூன்றாவது முறை வாங்கியது எழுதப்படுவதில்லை. கீழே கோடு போட்டு, 'கடை விலையைவிட மிச்சம்' என்று ஒரு தொகை வரும். முப்பத்தைந்து வருஷம் ஒரு பைசா குறையாமல் கல்லா ஒப்படைத்த மனிதர் வருஷத்துக்கு ஒருநாள் பொய்க்கணக்கு எழுதுவதை நாங்கள் யாரும் தட்டிக்கேட்பதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி பதினோரு மணி. விடியற்காலை ஆராதனைக்குப் போக வேண்டும். புதுத்துணி இஸ்திரிக்கு நிற்கிறது. தெருக்கோடியில் கேரல் பாடுகிற பிள்ளைகளின் டிரம் சத்தம். சித்தப்பா முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டி முடித்து, பக்கவாட்டிலுள்ள 10 முக்கோணத்தில் பத்தாவதையும் ஒட்டி, ஓரத்தை விரலால் நீவிவிட்டு, நிமிர்ந்தார். சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி, ஒரு சுருக்கம் கிடையாது. உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவு நேர்த்தியான ஸ்டாரை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றோம். சின்னவன்தான் கேட்டான்.

"தாத்தா, பல்பு?"

பல்பு ஜன்னல் திண்டில் இருந்தது. ஹோல்டரோடு, ஒயரோடு. ஒரு முக்கோணத்தைத் திறந்து விட்டு, பல்பை இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் அதை மூட வேண்டும். கதவின் பின்னால் எல்லா எண்ணும் இருந்தது, இது மட்டும் இல்லை.

சித்தப்பா ஸ்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், எங்கேயாவது தானாகவே ஒரு கதவு இருக்குமோ என்பதுபோல. பிறகு தார்சாவில் போய் உட்கார்ந்தார். கேரல் கோஷ்டி இரண்டு வீடு தள்ளி வந்துவிட்டது.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியைத் திறந்து, தட்டையாக மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். விரித்தாள். நூலை இழுத்துக் கட்டினாள். அரை நிமிஷம். வெள்ளைத்தாளில் பூப்பூவாகத் துளை போட்ட கடை ஸ்டார்.

"எப்ப வாங்குன?"

"அது கெடக்கு, நாலஞ்சு வருஷமா. எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். முனையை அமுக்கிப் பார்த்தார். சிம்பு இல்லை, முடிச்சு இல்லை, வெறும் மடிப்பு. நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். பிறகு எழுந்து, பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு தன் ஸ்டாருக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பத்தாவது முக்கோணத்தின் ஓரத்தில் கத்தியின் முனையை வைத்து, நூல் பிரிப்பதுபோல ஈரப்பசையைப் பிரிக்க ஆரம்பித்தார். சின்னவன் டார்ச் பிடித்தான். வெளியே லேசாகத் தூறல் விழுந்தது.

"இங்க பாரு," என்றார் தலையை நிமிர்த்தாமல், "அது வந்த கவரு எங்க?"

"எதுக்குங்க?"

"ஹோல்டர்ல தண்ணி எறங்காம சுத்தணும். நல்ல கவருல்லா அது. தூரப் போட்டுறாத."